ஆலிஸ் இன் பார்டர்லேண்ட் மாங்கா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்ஃபிளிக்ஸில் சீரிஸைப் பார்த்துவிட்டு மாங்கா (ஜப்பானியப் படக்கதை) பக்கம் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே பத்துப் பதினைந்து கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். முதல் பாதியில் கதையின் முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை. நடுவில் ஓர் எச்சரிக்கை வரும். அதைத் தாண்டினால் எல்லாமே உடையும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

இது என்ன கதை?

அரிசு ரியோஹெய் என்ற பள்ளிப் பையன். டோக்கியோவாசி. படிப்பு ஏறவில்லை, வீட்டில் மதிப்பில்லை, அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் பதிலும் இல்லை. இங்கே இருப்பதற்கு எங்கேயாவது போய்த் தொலைந்தால் தேவலை என்று நினைக்கிற வயசு. கூட இரண்டு நண்பர்கள்: பார் நடத்தும் கருபே, வெகுளியான சோட்டா. ஒரு ராத்திரி மூவரும் வானத்தில் வாணவேடிக்கை பார்க்கிறார்கள். கண் விழித்தால் ஊர் அப்படியே இருக்கிறது, ஜனங்களைக் காணோம். பல வருஷம் பூட்டிக் கிடந்த வீடு மாதிரி டோக்கியோ முழுக்கத் தூசியும் செடியும்.

இருட்டினால் மட்டும் எங்கோ ஓர் இடத்தில் விளக்கு எரியும். அங்கே ஒரு விளையாட்டு நடக்கும். தோற்றால் சாவு. ஜெயித்தால் ஒரு சீட்டு கிடைக்கும். அதில் என்ன எண்ணோ அத்தனை நாளுக்கு அந்த நாட்டில் இருக்க விசா. விசா முடிந்தால் வானத்திலிருந்து ஒரு லேசர் கற்றை இறங்கி ஆளை முடித்துவிடும். விளையாட மாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்துகொள்ளவும் வழியில்லை.

யார் எழுதியது, எத்தனை தொகுதி?

எழுதி வரைந்தவர் ஹாரோ அசோ. ஜப்பானியத் தலைப்பு 'இமாவா நோ குனி நோ அரிசு'. ஷோகாகுகான் பதிப்பகத்தின் ஷோனன் சண்டே எஸ் இதழில் 2010 நவம்பரில் தொடங்கியது. 2015இல் வாராந்தர ஷோனன் சண்டேவுக்கு மாறி, 2016 மார்ச்சில் முடிந்தது. மொத்தம் 18 தொகுதிகள். ஆங்கிலத்தில் விஸ் மீடியா 2022 முதல் இரண்டிரண்டாகச் சேர்த்து 9 புத்தகங்களாகப் போட்டது. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். மாங்காவுக்குப் புதியவர் என்றால் முதல் இருபது பக்கம் கண் தடுமாறும், பிறகு பழகிவிடும்.

சீட்டுக்கு என்ன கணக்கு?

நம் வீட்டுச் சீட்டுக்கட்டுப் பெயர்களிலேயே சொல்கிறேன். இஸ்பேட் வந்தால் உடல் பலம், ஓட்டம், தாவல். கிளாவர் என்றால் கூட்டாகச் செய்ய வேண்டியது. டைமன் மூளைக்கு. ஆட்டின் (ஹார்ட்) மனசுக்கு: நாலு பேரை நெருங்க வைத்து, அந்த நெருக்கத்தையே கத்தியாக்குவது. எண் கூடக் கூடக் கஷ்டம் கூடும். ஆனால் ஆட்டினில் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைய முடியாது. இஸ்பேட் 5 ஆட்டத்தில் துப்பாக்கியோடு குதிரைத்தலை முகமூடி போட்டவன் மாடி மாடியாகத் துரத்துகிறான்; அதுகூடப் பரவாயில்லை என்று பின்னால் தோன்றும்.

எண் சீட்டுகள் தீர்ந்ததும் ஜாக்கி, ராணி, ராஜா என 12 படச் சீட்டுகள். இந்த ஆட்டங்களில் எதிரே நிற்பவர் எந்திரம் இல்லை. பெயரும் முகமும் உள்ள, அந்த நாட்டுக் 'குடிமகன்' ஒருவர்.

ஸ்க்விட் கேமைப் பார்த்து அடித்த காப்பியா?

ஸ்க்விட் கேம் என்ற கொரியத் தொடர் வந்தது 2021 செப்டம்பரில். மாங்கா முடிந்தே ஐந்து வருஷம் ஆகியிருந்தது. சீரிஸின் முதல் சீசன்கூட 2020 டிசம்பரிலேயே வந்துவிட்டது. அதற்காக அது இதைத் திருடியது என்றும் நான் சொல்லவில்லை. சாவு விளையாட்டுக் கதைகளுக்கு ஜப்பானில் நீண்ட வம்சாவளி உண்டு. 1996இல் தொடங்கிய கைஜி மாங்காவும் 1999இல் வந்த பேட்டில் ராயல் நாவலும் இந்த இரண்டுக்குமே மூத்த உறவுக்காரர்கள்.

வித்தியாசம் எனக்குத் தெரிவது ஒன்றுதான். அங்கே கடன், பணம், வர்க்கம். இங்கே பரிசே கிடையாது. உயிரைக் கொடுத்து ஜெயித்தால் கிடைப்பது இன்னும் நாலு நாள் மூச்சு. அப்படியானால் எதற்காக ஜெயிக்க வேண்டும்? இந்தக் கதை சுற்றிச் சுற்றி வருவது அந்தக் கேள்வியைத்தான்.

உளவியல் மாங்கா என்கிறார்களே, வெறும் வெட்டுக்குத்து இல்லையா?

வெட்டுக்குத்தும் நிறைய உண்டு, மறைக்கவில்லை. ஆனால் டைமன் ராஜா ஆட்டத்தைப் படித்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டீர்கள். ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு 0 முதல் 100க்குள் ஓர் எண் எழுத வேண்டும். எல்லா எண்களின் சராசரியை 0.8ஆல் பெருக்கி, அந்த விடைக்கு மிக அருகில் இருப்பவர் அந்தச் சுற்றில் ஜெயிக்கிறார். மற்றவர்களுக்கு ஒரு புள்ளி குறையும். பத்துப் புள்ளி போனால் தலைக்கு மேல் இருக்கும் அமிலம் கொட்டும்.

யோசித்துப் பாருங்கள். எல்லாரும் 100 எழுதினால்கூட விடை 80தான். ஆகவே 80க்கு மேல் எழுதுவது வீண். இதை எல்லாரும் புரிந்துகொண்டால் 64க்கு மேல் வீண். அப்புறம் 51.2, அப்புறம் 40.96. இப்படியே இறங்கினால் 0. ஆனால் எதிரே இருப்பவர் எத்தனை படி இறங்கி யோசிப்பார் என்பது உங்களுக்குத் தெரியாதே, அங்கேதான் உளவியல் நுழைகிறது. இது அசோ கற்பனையில் உதித்ததல்ல. பங்குச் சந்தையை விளக்க 1936இல் பொருளியலாளர் கெயின்ஸ் ஓர் உதாரணம் சொன்னார்: நூறு புகைப்படங்களிலிருந்து அழகான ஆறு முகங்களைத் தேர்ந்தெடுக்கும் பத்திரிகைப் போட்டி. உங்களுக்கு யார் அழகு என்று பார்த்தால் பரிசு கிடைக்காது, மற்றவர்கள் யாரை அழகு என்பார்கள் என்று ஊகித்தால்தான் கிடைக்கும். பின்னாளில் எண் ஊகிக்கும் விளையாட்டாக இதை வைத்துச் சோதனை நடத்தி பொருளியலாளர் ரோஸ்மேரி நாகெல் 1995இல் கட்டுரை வெளியிட்டார். மாங்காவிலும் ஆட்டத்தின் பெயர் அழகிப் போட்டிதான்.

நாங்கள் ஐந்து பேர் ஒருநாள் டீக்கடை பெஞ்சில் இதை விளையாடிப் பார்த்தோம். முதல் சுற்றில் வந்த எண்கள் 62, 40, 35, 30, 100. சராசரி 53.4, விடை 42.72. நாற்பது எழுதியவன் ஜெயித்தான். "எதுக்குடா நூறு போட்ட?" என்று கேட்டால் "சும்மாதான் போட்டேன்" என்கிறான். மற்ற நாலு பேரின் கணக்கையும் கெடுத்தது அந்தச் 'சும்மா'தான். அடுத்த சுற்றில் ஒருவரும் 32ஐத் தாண்டவில்லை. அமிலம் இல்லாமலேயே நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

சிறுவர்கள் படிக்கலாமா?

வேண்டாம். கொலை மட்டுமல்ல, பாலியல் வன்முறை முயற்சியும் தற்கொலையும் வருகின்றன. மனம் சரியில்லாத நாட்களில் பெரியவர்களும் தள்ளி வைப்பது நல்லது.

*எச்சரிக்கை: இதற்குக் கீழே கதை முழுவதும் உடைபடும்.*

அவர்கள் எல்லாரும் செத்துவிட்டார்களா? அது மறுமை உலகமா?

விடை தலைப்பிலேயே இருக்கிறது. ஜப்பானிய மொழியில் 'இமாவா' என்றால் சாகும் தறுவாய். 'இமாவா நோ குனி' என்றால் தறுவாய் நாடு. ஜப்பானிய வாசகர் அட்டையைப் பார்த்த உடனே அது அவர் கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் 'எல்லை நாடு' என்று ஆக்கியதில் சாவு உதிர்ந்துபோய் எல்லை மட்டும் மிஞ்சியது. அதனால்தான் சீரிஸ் ரசிகர்கள் மாயலோகமா, கணினி விளையாட்டா, வேற்றுக்கிரகவாசிகளா என்று இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

முதல் அத்தியாயத்தில் அவர்கள் பார்த்த வாணவேடிக்கை உண்மையில் விண்கல். அது டோக்கியோவில் விழுந்ததில் பலர் செத்தார்கள், பலருக்கு இதயம் நின்றுபோனது. அப்படி நின்ற இதயங்களின் சொந்தக்காரர்கள்தான் விளையாடிக்கொண்டிருந்தவர்கள். அரிசுவின் இதயம் நின்றது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடம்தான் அங்கே வாரக்கணக்கில் நீண்டது. விளையாட்டில் செத்தவர்கள் இங்கே பிழைக்கவில்லை.

ஆகவே அது மறுமையும் அல்ல, இம்மையும் அல்ல. நம் பேச்சில் 'எமன் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தவன்' என்போமே, அந்த வாசல். கிராமத்தில் 'ரெண்டு நாளா இழுத்துக்கிட்டு கிடக்கு' என்று சொல்லும்போது யார் எந்தப் பக்கம் இழுக்கிறார்கள் என்று சின்ன வயசில் எனக்குப் புரியாது. இந்த மாங்கா அந்த இழுபறியை உள்ளேயிருந்து வரைந்தது.

ஆலிஸ் கதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

லூயிஸ் கரோலின் 1865ஆம் வருஷத்து ஆலிஸ் கதைக்கு ஜப்பானில் வழக்கமான தலைப்பு 'ஃபுஷிகி நோ குனி நோ அரிசு', அதாவது விந்தை நாட்டு ஆலிஸ். அதில் விந்தையை எடுத்துவிட்டுத் தறுவாயை வைத்தார் அசோ, அவ்வளவுதான். அரிசு என்பது அங்கே உண்மையான குடும்பப் பெயரும்கூட. அரிசுவோடு சேர்ந்து விளையாடும், மலையேறும் பெண்ணின் பெயர் உசாகி: முயல். 'கடற்கரை' என்ற ஹோட்டலில் கூட்டத்தைக் கட்டியாளும் போஷியா: தொப்பிக்காரர். எதையும் தூர நின்று சிரித்துக்கொண்டே பார்க்கும் சிஷியா: ஆலிஸ் கதையில் சிரித்துக்கொண்டே இருக்கும் செஷயர் பூனை. கடைசி ஆட்டத்தில் ஆட்டின் ராணி மிரா குரோக்கே (மரச் சுத்தியலால் பந்தை வளையங்களுக்குள் தட்டும் ஆட்டம்) மட்டையோடு வந்து நிற்பதும் அங்கிருந்துதான்.

ஆட்டின் 7 ஆட்டத்தை ஏன் எல்லாரும் பேசுகிறார்கள்?

ஏனென்றால் கதை தன் சுயரூபத்தைக் காட்டுவது அங்கேதான். இடம் ஒரு தாவரவியல் பூங்கா. அரிசு, கருபே, சோட்டா, கூடவே ஷிபுகி என்ற பெண், ஆக நாலு பேர். கழுத்தில் வெடிக்கும் பட்டை. ஒருவர் ஓநாய், மூவர் ஆடுகள். ஓநாயின் கண்ணை யார் கண் சந்திக்கிறதோ அவர் ஓநாயாகிவிடுவார். நேரம் முடியும்போது ஓநாய் மட்டும் பிழைக்கும்.

நாம் விளையாடிய கண்ணாமூச்சியில் பிடிபடாமல் ஒளிந்திருப்பவர் ஜெயிப்பார். இங்கே கண்ணில் பட்டவர் பிழைப்பார். முதலில் ஓநாய்ப் பட்டத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள். நண்பர்கள்தான், ஆனாலும் அடித்துக்கொள்கிறார்கள். பிறகு ஓநாயாகிவிட்ட அரிசு மனம் மாறி, நண்பர்களுக்கு அதைக் கொடுத்துவிடலாம் என்று தேடி ஓடுகிறான். அவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள். இவன் பெயர் சொல்லிக் கத்துகிறான். செடி மறைவில் உட்கார்ந்தபடி, காதில் மாட்டிய கருவி வழியாகப் பேசுகிறார்களே தவிர வெளியே வரவில்லை. நண்பனைப் பிழைக்க வைக்க அவன் கண்ணில் படாமல் இருப்பது! கதாநாயகனின் தோழர்களை ஆரம்பத்திலேயே காவு கொடுத்துவிட்டு, மீதித் தொகுதிகள் முழுக்க அவனை அந்தக் கடனோடு நடக்க விடுகிறார் அசோ.

ஜப்பானியர்களின் மறுமை நம்பிக்கையிலிருந்து எடுத்ததா?

பாதி. ஜப்பானிய பௌத்தத்தில் இறந்தவர் 7ஆம் நாள் சன்சு ஆற்றங்கரையை அடைகிறார். சன்சு என்றால் மூன்று கடவுகள்: புண்ணியவானுக்குப் பாலம், நடுத்தரத்துக்கு ஆழமில்லாத துறை, பாவிக்குப் பாம்பு நெளியும் ஆழம். ஆற்றைக் கடக்கக் கூலியாகப் பெட்டியில் ஆறு காசு வைப்பார்கள். உடலை எரிப்பதால் இப்போது பெரும்பாலும் காகிதத்தில் அச்சடித்த காசுதான். அப்புறம் வரிசையாக நீதிபதிகள். 35ஆம் நாள் விசாரிப்பவர் பெயர் எம்மா. வேறு யாருமல்ல, நம்முடைய யமன்தான். பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய் உச்சரிப்பு மாறிவிட்டார். 49ஆம் நாள் தீர்ப்பு. நமக்குப் பதினாறு, அவர்களுக்கு நாற்பத்தொன்பது.

மாங்காவில் இந்த இடைக்காலம் இருக்கிறது, நீதிபதி இல்லை. பாவ புண்ணியக் கணக்கைப் புரட்டும் ஆள் யாருமில்லை. நல்லவர்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள், கேடுகெட்டவர்கள் சிலர் பிழைத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழிக்கிறார்கள். தீர்ப்புக்குப் பதிலாக இருப்பது வாழ வேண்டும் என்ற பிடிவாதம். இதில் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. பிடிவாதம் இருந்தால் பிழைக்கலாம் என்றால் கருபேக்கும் சோட்டாவுக்கும் அது இல்லாமலா போயிற்று? அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள், அவ்வளவுதானே. இதற்கு மாங்கா நேராகப் பதில் சொல்லவில்லை.

டைமன் ராஜா ஏன் தோற்றார்?

மேலே சொன்ன ஆட்டத்தின் முடிவு இது. ராஜா குசுரியு ஒரு வழக்கறிஞர். யாருடைய உயிருக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி அவரை அரித்துத் தின்றிருக்கிறது. எதிரே மருத்துவம் படித்த சிஷியா. ஆள் குறையக் குறையப் புது விதி சேரும். இருவர் மட்டும் மிஞ்சும்போது வரும் விதி: ஒருவர் 0 எழுதினால் 100 எழுதியவருக்கு வெற்றி. சிஷியா தான் 100 எழுதப் போவதை மறைக்காமல் காட்டிவிடுகிறான். இனி யார் சாவது என்பதைக் குசுரியுதான் முடிவு செய்ய வேண்டும். உயிர்களுக்கு விலை போட மாட்டேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்ட மனிதர் கையில் அந்தத் தராசைக் கொடுத்துவிட்டான். அவர் தன் உயிரைக் கொடுக்கிறார். அந்தப் பக்கங்களில் கத்தலோ ஓட்டமோ எதுவும் இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவே. 18 தொகுதிகளில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

கடைசியில் கேட்கும் அந்த 'நிரந்தரக் குடியுரிமை' எதற்கு?

ஆட்டின் ராணி ஆட்டத்தில் மிராவோடு மூன்று செட் குரோக்கே ஆடி முடித்தால் போதும், தோற்றாலும் பரவாயில்லை. நடுவில் விலகக்கூடாது என்பது மட்டும்தான் விதி. கேட்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு. ஆனால் மிரா பேசிப் பேசியே அரிசுவைக் கரைக்கிறாள். இந்த உலகம் என்ன என்று ஒரு கதை சொல்வாள், அவன் நம்பியதும் சிரித்துவிட்டு வேறொன்று சொல்வாள். இது மனநல மருத்துவமனை, நீ நோயாளி என்பதுதான் உச்சம். அவனைக் கரையேற்றுவது உசாகி.

எல்லா ஆட்டமும் முடிந்த பிறகு உயிரோடு இருப்பவர்களிடம் ஒரு கேள்வி: இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்கிறாயா, மாட்டாயா? முன்பு அப்படி இருக்கிறேன் என்றவர்கள்தான் குடிமக்கள், இவர்கள் எதிர்த்து விளையாடிய படச் சீட்டுகள். 712இல் தொகுத்த கோஜிகி என்ற ஜப்பானியப் புராண நூலில் ஒரு கதை உண்டு. இறந்துபோன இசனாமி என்ற தேவியை மீட்டு வரக் கணவன் பாதாளம் போகிறான். அந்த நாட்டு உணவைச் சாப்பிட்டுவிட்டேனே, எப்படி வருவேன் என்கிறாள். இங்கே யாரும் சோறு போட்டு ஏமாற்றுவதில்லை. வாய்விட்டுக் கேட்கிறார்கள், வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். போய்த் தொலைந்தால் தேவலை என்று தொடங்கிய பையன் "வேண்டாம்" என்கிறான். அவனுக்காகக் காத்திருப்பது அதே படிப்பு ஏறாத, மதிப்பில்லாத வாழ்க்கைதான். கூடுதலாக இரண்டு நண்பர்களின் சாவு.

திரும்பியவர்களுக்கு எதுவும் நினைவில்லையே, ஏமாற்று வேலை இல்லையா?

எனக்கும் முதல் தடவை எரிச்சல்தான். 'எல்லாம் கனவு' என்பதன் நாகரிகமான வடிவம் என்று தோன்றியது. இரண்டாம் முறை படித்தபோது அவ்வளவு கோபம் வரவில்லை. அரிசுவும் உசாகியும் எங்கேயோ பார்த்த முகம் என்று தயங்குகிறார்கள். கோமாவிலிருந்து எழுந்தவருக்கு என்ன நினைவிருக்கும்? அதற்காக அந்த ஒரு நிமிடம் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா என்ன.

தொடர்ச்சி உண்டா? சீரிஸின் மூன்றாவது சீசன் மாங்காவில் எங்கே?

'ரீட்ரை' என்று இரண்டே தொகுதி, 2020-21இல் வந்தது. உசாகியை மணந்துகொண்ட அரிசு மறுபடி அங்கே போய் ஆட்டின் 9 ஆடுகிறான். சுருக்கமானது, ஒரே மூச்சில் முடிக்கலாம். சீரிஸ் 2022 டிசம்பரில் வந்த இரண்டாம் சீசனிலேயே மூல மாங்காவை முடித்துவிட்டது. கடைசிக் காட்சியில் மேசையில் மிஞ்சும் ஜோக்கரைப் பிடித்துக்கொண்டு 2025 செப்டம்பரில் மூன்றாவதைக் கொண்டுவந்தார்கள். அது பெரும்பாலும் புதிதாகக் கட்டிய கதை, மாங்காவில் தேடாதீர்கள்.

அசோவின் வேறு படைப்பு வேண்டுமென்றால் 'ஸோம் 100'. இவர் எழுத, கோதாரோ தகாதா வரைந்தது. ஆபீஸில் நசுங்கிக் கிடந்த ஒருவன், ஊரெல்லாம் பிணங்கள் எழுந்து நடக்க ஆரம்பித்ததும், 'அப்பாடா, இனி வேலைக்குப் போக வேண்டாம்' என்று துள்ளுகிறான். அதே கேள்வி, இந்த முறை சிரித்துக்கொண்டு.

சீரிஸ் பார்த்தாயிற்று. மாங்காவை எங்கிருந்து தொடங்கலாம்?

முதல் தொகுதியிலிருந்து. சீரிஸில் அரிசு வேலையில்லாத இளைஞன், ஷிபுயா ரயில் நிலையக் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தால் கூட்டம் மாயமாகியிருக்கும். (அந்த ஷிபுயா சந்திப்பு அசல் அல்ல, தோச்சிகி மாகாணத்தின் அஷிகாகாவில் போட்ட செட்.) மாங்காவில் தொடக்கமே வேறு. முதல் ஆட்டம் ஒரு கோயிலில். குறிச் சீட்டை எடுத்தால் அதில் கேள்வி இருக்கும். தப்பாகச் சொன்னால் வானத்திலிருந்து நெருப்பு அம்புகள். அதைத் தவறவிட்டுவிட்டு நடுவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.